இரவல் காரும் இன்ஷ்யூரன்ஸும்

மோட்டார் காரை இரவல் கொடுப்பதும் இரவல் வாங்குவதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. கலியாணத்திற்கு ஒரு வண்டி, ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி, தேர்தல் காலத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றிவர ஒரு வண்டி என்று வேண்டியவர் வந்து கேட்கும்போது, இல்லையென்று சொல்ல மனமின்றிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவரும் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறாரேயன்றி, வண்டியின் இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. யாராவது ஞாபகமாகக் கேட்டாலும், "இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருக்கு இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று விசாரிப்பாரில்லை. விபத்து நேர்ந்து, வண்டியை ஓட்டியவரின் மனைவி மக்கள் நஷ்டஈட்டு ட்ரிபியூனலின் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அந்த விசாரணை தொடங்குகிறது.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருப்போருக்கு இது மிக நெருங்கிய விஷயம். கட்சி எதுவாயினும், அதன் தொண்டர்களில் சொந்தக் கார் உடையவர்கள் சிலரே. திருச்சியில் மகாநாடு என்றால் விழுப்புரத்துத் தொண்டர் ஒருவர் உள்ளூர் வியாபாரியின் காரைக் கேட்டு வாங்கி, நாலு சகாக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். கூட்டம் முடிந்து நடுநிசிக்குமேல், பழகாத வண்டியில், கண்ணில் தூக்கத்தோடு திரும்புகிறார். அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் அனுதாபத் தீர்மானம் நிறைவேறும். படத்திறப்பு விழாவும் நடக்கும். அவருடைய குடும்பத்துக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம் என்று நாம் கருதுவதால் இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறோம்.

மோட்டார் இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கிய சட்டம் வண்டி வைத்திருப்பவர்களைக் காப்பதற்காகப் பிறந்ததன்று. சாலையில் நடந்து போகிறவன், சைக்கிளில் போகிறவன், எதிர் வண்டியில் வருகிறவன் ஆகிய அன்னியர்களைக் காப்பதே அதன் நோக்கம். இடித்தவனிடம் பணமில்லாமற் போனால் அடிபட்டவன் கதி அதோகதியாகிவிடுகிறது. ஆகவே வண்டியைத் தெருவில் இறக்குமுன் ஒரு கம்பெனியின் ஜாமீனைப் பெற்றுக்கொள் என்பதே சட்டத்தின் உத்தரவு. இங்கிலாந்தில் இதற்கு 1930-ல் சட்டம் செய்தார்கள். அதைப் பின்பற்றி நம் நாட்டில் 1939-ம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்தில் 8-வது அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். சட்டம் 1939-ல் ஏற்பட்டதாயினும் அந்த அத்தியாயம் அமுலுக்கு வந்தது 1946 ஜூலை 1-ந் தேதியிலிருந்துதான். பிறகு 1988-ம் வருஷத்துச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து, 1989 ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. 2019-ல் அதைப் பல இடங்களில் திருத்தினார்கள். இத்தனை மாறுதல்களிலும் மூல நோக்கம் மாறவில்லை. அன்னியனே இச்சட்டத்தின் செல்லப்பிள்ளை. "மூன்றாம் நபர்" என்று கோர்ட்டுகள் குறிப்பிடுவது அவனைத்தான். கம்பெனியும் பாலிஸி எடுத்தவரும் முதல் இருவர். சாலையில் நிற்பவன் மூன்றாமவன்.

இந்தியாவில் இன்ஷ்யூரன்ஸ் வண்டியைத் தொடர்ந்து செல்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரணத் தனியார் கார் பாலிஸியில் "ஓட்டுநர் ஷரத்து" என்று ஒன்று உண்டு. பாலிஸிக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் ஓட்டுகிறவரிடம் விபத்துச் சமயத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கவேண்டும், லைசென்ஸ் பெறுவதற்குத் தடை விதிக்கப்பட்டவராக அவர் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். பழகுநர் லைசென்ஸ் உள்ளவரும், பக்கத்தில் முறைப்படி லைசென்ஸ் பெற்றவர் உட்கார்ந்து வண்டியைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருத்தல், 'எல்' அட்டை கட்டுதல் முதலிய விதிகளை அனுசரித்தால் ஓட்டலாம். எனவே சொந்தக்காரரின் சம்மதத்தோடு, கையில் லைசென்ஸோடு, நண்பரின் காரை ஓட்டுகிறவர் ஒருவரை இடித்துவிட்டால், இடிபட்டவருக்கு அந்தக் காரின் கம்பெனி ஈடு கொடுக்கவேண்டும். உயிர்ச்சேதத்திற்கும் காயத்திற்கும் கோர்ட்டு தீர்மானிக்கும் தொகை முழுவதும் அதில் அடங்கும். பிறர் சொத்துக்கு ஏற்படும் நஷ்டத்திற்கு மட்டும் தனியார் கார் பாலிஸிகளில் வழக்கமாக 7½ லக்ஷம் ரூபாய் என்று வரம்பு கட்டியிருப்பார்கள்.

இங்கிலாந்தில் விஷயம் வேறு விதம். அங்கே பாலிஸி பெரும்பாலும் மனிதர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இன்னின்னார் ஓட்டலாம் என்று பட்டியல் போடுகிறது. பட்டியலில் இல்லாதவர் ஓட்டினால் இன்ஷ்யூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டியதாகவே முடியும். சிலருடைய பாலிஸியில் பிறர் காரை ஓட்டும்போதும் பாதுகாப்பு உண்டு. அதுவும் பெரும்பாலும் அன்னியருக்கான ஈட்டளவே. கட்டாயச் சட்டம் வந்த சில வருஷங்களுக்குள்ளேயே, 1930-களின் நடுவில், அங்கே ஒரு வழக்கு நடந்தது. ஒருவர் தம் காரை நண்பருக்கு இரவல் கொடுத்தார். நண்பர் அதை மற்றொருவரிடம் ஓட்டக் கொடுத்தார். அது ஒரு பஸ்ஸின்மேல் மோத, பஸ் டிரைவர் காயமடைந்தார். காரின் பாலிஸி சொந்தக்காரர் ஓட்டுவதற்கு மட்டுமே. ஓட்டியவரிடமோ பணமில்லை. பாதுகாப்பில்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்த குற்றத்திற்காகச் சொந்தக்காரரே தம் சொத்திலிருந்து ஈடு கட்டவேண்டும் என்று அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. லண்டனிலிருந்து லீவில் ஊருக்கு வரும் நம்மவர்கள் அந்த நாட்டு வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாமன் மைத்துனன் காரை ஓட்டப் பயப்படுவதுண்டு. அவர்களுடைய பயம் தவறான இடத்தில் இருக்கிறது. இங்கே அன்னியனுக்குப் பாதுகாப்பு உண்டு; அவர்களுக்குத்தான் இல்லை.

ஆம், இதுவே நாம் சொல்ல வந்த விஷயம். இரவல் வாங்கி ஓட்டுகிறவன் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர் அல்லன்.

கர்நாடகத்தில் ஒருவர் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் செல்கையில், முன்னே போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டி ஒன்று திடீரென்று நிற்க, அதில் மோதி இறந்தார். அவருடைய குடும்பத்தார் அந்த மோட்டார் சைக்கிளின் கம்பெனியிடம் நஷ்டஈடு கோரினார்கள். யார்மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமில்லாமல் ஈடு பெறுவதற்கு 1994-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 163-ஏ பிரிவு அவர்களுக்கு ஆதாரம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை சென்றது. 2009-ல் கோர்ட்டு சொன்ன தீர்ப்பின் சாரம் வருமாறு: வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் வந்து நிற்கிறார், ஈடு கொடுக்கவேண்டிய கடமை சொந்தக்காரருடையது, ஒரே மனிதன் கொடுப்பவனாகவும் பெறுபவனாகவும் இருக்கமுடியாது, ஆகவே அந்தப் பிரிவின்படி குடும்பத்தாருக்கு ஈடு இல்லை. வேறு பிரிவின்படியாவது, பாலிஸியின் ஷரத்துப்படியாவது ஏதேனும் கிடைக்குமா என்று பார்க்கும்படி வழக்கைக் கோர்ட்டு ஹைகோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பியது. சட்டத் தர்க்கம் என்ற அளவில் இதில் குறை காண்பது கடினம். ஆனால் சாவியைக் கையில் வாங்கியதன்றி வேறெந்தச் சொத்துரிமையும் பெறாத ஒருவன், இறந்த கணத்தில் மட்டும் சொந்தக்காரனாக உயர்த்தப்படுகிறான் என்பதைச் சாதாரண ஜனங்களால் எளிதில் ஜீரணித்துக்கொள்ள முடியாது.

கூலிக்கு ஓட்டும் டிரைவரின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாளியின் காரை ஓட்டும் டிரைவர் வேலைநேரத்தில் விபத்தில் இறந்தால், 1923-ல் சட்டமாகி வேரூன்றிய தொழிலாளர் நஷ்டஈட்டு உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. அந்தப் பொறுப்பையும் காரின் கட்டாய இன்ஷ்யூரன்ஸ் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று மோட்டார் வண்டிச் சட்டமே சொல்கிறது. இது நியாயமானது, தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அதே வண்டியை, அதே சாலையில், அதே முதலாளியின் காரியமாகவே, சம்பளம் வாங்காமல் சிநேகத்திற்காக ஒருவர் ஓட்டிச் சென்று உயிரிழந்தால் அவர் குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பைசா வாங்காமல் உழைப்பதுதான் தொண்டு என்று போற்றும் நாட்டில், பைசா வாங்காததே உரிமையிழப்புக்குக் காரணமாகிறது.

சொந்தக்காரரின் நிலை என்ன? அவர் தம் காரைத் தாமே ஓட்டி இறந்தாலும் அவரும் மூன்றாம் நபர் அல்லர். ஆனால் அவருக்கென்று "சொந்தக்கார ஓட்டுநர் தேக விபத்து இன்ஷ்யூரன்ஸ்" என்று ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 1 லக்ஷமும் காருக்கு 2 லக்ஷமுமாக இருந்த அதன் தொகையை இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை அதிகார சபை 2018-ல் 15 லக்ஷம் ரூபாயாக உயர்த்தியது. அடுத்த வருஷம் முதல் இதை வண்டி பாலிஸியிலிருந்து பிரித்துத் தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. நல்ல சீர்திருத்தம், வரவேற்கிறோம். ஆனால் இந்த 15 லக்ஷம் யாருக்கு? வண்டி யார் பேரில் ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறதோ, பாலிஸி யார் பேரில் இருக்கிறதோ, அவருக்கு. அவரிடம் லைசென்ஸும் இருந்தால். மகன் பேரில் உள்ள காரைத் தகப்பனார் ஓட்டினால் இந்த ஷரத்தின் வார்த்தைகள் தகப்பனாரைத் தொடுவதில்லை. மனைவி பேரில் உள்ள காரைக் கணவர் ஓட்டினாலும் அப்படியே. கம்பெனியின் பேரிலோ அதுபோன்ற ஸ்தாபனத்தின் பேரிலோ உள்ள வண்டிக்கோ சொந்தக்கார ஓட்டுநர் என்று ஒருவரே கிடையாது. எனவே இந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஸ்தாபனங்களின் பேரில் ஜீப்பும் வேனும் வாங்கி, ஆள்மாற்றி ஆள் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துக்கொள்ளட்டும்.

2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்த மற்றொரு வழக்கு இதைவிடப் படிப்பினை மிகுந்தது. ராஜஸ்தானத்தில் இரவல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்மீது மற்றொரு மோட்டார் சைக்கிள் மோதியது, அவர் இறந்தார். குடும்பத்தார் மோதிய வண்டியின் சொந்தக்காரரையும் கம்பெனியையும் விட்டுவிட்டு, இரவல் வாங்கிய வண்டியின் கம்பெனியிடம் மட்டும் ஈடு கேட்டார்கள். அங்கே அவர் மூன்றாம் நபரல்ல என்று கோர்ட்டு மீண்டும் சொல்லிவிட்டது. மோதிய வண்டியின் விஷயத்திலோ அவர் சந்தேகத்திற்கிடமின்றி மூன்றாம் நபர். அந்தக் கம்பெனியிடம் கேட்டிருந்தால் வழி திறந்தே இருந்தது. கடைசியில், இரவல் வண்டியின் பாலிஸியில் சொந்தக்கார ஓட்டுநருக்கென்று குறித்திருந்த 1 லக்ஷம் ரூபாயை வட்டியுடன் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்கிறார் என்றால் அந்த ஸ்தானத்துக்கு உரியதையாவது கொடு என்பது அதன் பொருள். விபத்து நடந்தது 2006-ல். தீர்ப்பு வந்தது 2020-ல். தொகை 1 லக்ஷம். இதற்குமேல் விமர்சனம் தேவையில்லை. ஆயினும் அந்தக் குடும்பத்தாரின் வக்கீல் மனுவில் எதிரியாக யாரைச் சேர்ப்பது என்ற ஒரே விஷயத்தில் சற்று யோசித்திருந்தால், பதினான்கு வருஷமும் வீணாகியிராது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

163-ஏ பிரிவு இப்போது இல்லை. 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அதன் இடத்தில் 164-வது பிரிவு வந்திருக்கிறது. தவறு யாருடையது என்று பாராமல், மரணத்திற்கு 5 லக்ஷமும் கொடுங்காயத்திற்கு 2½ லக்ஷமும் என்று அது நிர்ணயிக்கிறது. பழைய பிரிவைப்பற்றிய சர்ச்சை மட்டும் ஓய்ந்தபாடில்லை. அது சொந்தக்காரரையே தள்ளிவைக்கிறது என்று முன்பு சொன்னது சரிதானா என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஓர் அமர்வு ஐயுற்று, விஷயத்தைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. ஆகவே இரவல்காரரின் கதவு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. கதவு திறக்கும்வரை காத்திருக்கச் சக்தியுள்ள குடும்பங்கள் எத்தனை என்பதே கேள்வி.

இனி, கூடச் செல்லும் சகாக்களின் நிலை. இதில் பாலிஸியின் ஜாதியைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் பாலிஸி ஒன்று. மூன்றாம் நபர் பாலிஸி என்று பொதுவாகச் சொல்வார்கள். வண்டிக்கு நேரும் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிஸி மற்றொன்று. காரில் கூலியின்றி ஏறி வருகிறவர்களைக் காக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என 1977-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அப்படியே என்று 2006-ல் சொல்லிற்று. முழுப் பாலிஸி இருந்தால் காரில் வருகிறவர்களுக்கும் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் கம்பெனி பொறுப்பு என்று ஒழுங்குமுறை அதிகார சபை 2009-ல் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது; 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் இதன் விளைவு என்ன? வண்டி பழசாக ஆக, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க எண்ணி மூன்றாம் நபர் பாலிஸியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஊரில் இரவலுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அத்தகைய பழைய வண்டிதான். புது வண்டியை யார் தருகிறார்கள்? ஆகவே ஐந்து பேர் ஏறிச் செல்லும் இரவல் காரில் ஐவருக்குமே பாதுகாப்பில்லாமல் போவது அபூர்வமன்று. வண்டி தானாக மரத்தில் மோதினால் ஈடு கொடுக்க எதிர் வண்டியும் இல்லை. காயமடைந்த சகாக்கள் வழக்குத் தொடுத்தால் கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். பாரம் இரவல் கொடுத்த புண்ணியவானின் தலையில் விழும்.

கொடுப்பவர்களின் பொறுப்பைப்பற்றியும் சொல்லவேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் காரைக் கொடுத்துவிட்டு, அவர் ஒருவரை இடித்துவிட்டால், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு விரிவாக வகுத்த வழி. அடிபட்டவரை அலையவிடக்கூடாது என்ற கருணையும், அலட்சியமாகக் கொடுத்தவரைச் சும்மா விடக்கூடாது என்ற கண்டிப்பும் அதில் இருக்கின்றன. அவர் வேண்டுமென்றோ அஜாக்கிரதையாலோ அப்படிச் செய்தார் என்பதை நிரூபிக்கும் பாரம் கம்பெனியுடையது. டிரைவரை வேலைக்கு வைப்பவர் லைசென்ஸைப் பார்த்து, ஓட்டும் திறமையையும் பார்த்துத் திருப்தியடைந்தால் போதும். அது அசல்தானா என்று ஆர். டி. ஓ. ஆபீஸ் சென்று விசாரிக்கவேண்டியதில்லை என்று 2020-ல் ஒரு தீர்ப்பு. காலாவதியான லைசென்ஸைப் புதுப்பித்தாரா என்று கவனியாமலிருந்த முதலாளி பொறுப்பிலிருந்து தப்பமுடியாது என்று அதே வருஷத்தில் மற்றொன்று. இரண்டும் சம்பள டிரைவர்களைப் பற்றியவை. ஆயினும் சிநேகிதருக்குக் கொடுப்பவரும் அந்த அளவுக்காவது கவனமாக இருத்தல் உசிதம். லைசென்ஸைக் காட்டு என்று கேட்டால் மனம் புண்படுமே என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கடன் கொடுக்கும்போது நோட்டு எழுதி வாங்கக் கூசாதவர்கள் இதற்குமட்டும் கூசுவானேன்?

தண்டனையும் லேசானதன்று. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட சொந்தக்காரருக்கு 3 மாதம்வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இன்ஷ்யூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினவரோடு, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி. முதல் முறைக்கு 3 மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் சாவியைக் கொடுத்து அவன் சட்டத்தை மீறினால், 2019-ம் வருஷத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் ரிஜிஸ்தரும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

வண்டிக்கே ஏற்படும் சேதம் சிறு விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முழுப் பாலிஸி இருந்து, ஓட்டியவரிடம் லைசென்ஸும் இருந்து, அவர் குடித்தும் இராவிட்டால், இரவல்காரர் ஓட்டினார் என்பதற்காகக் கம்பெனி ரிப்பேர்ச் செலவை மறுப்பதற்கில்லை. ஆனால் கோரிக்கை சொந்தக்காரரின் கணக்கில் ஏறும். ஐந்து வருஷம் கோரிக்கையின்றி இருந்து அவர் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி ஒரே இரவில் போய்விடும். இரவல் வாங்கியவர் பம்பரைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார். சொந்தக்காரர் அடுத்த வருஷப் பிரீமியத்தைக் கட்டும்போது வாய்விட்டுச் சொல்லமுடியாமல் விழுங்கிக்கொள்கிறார். அனேக சிநேகங்கள் முறிவதற்கு இதுவே காரணம் என்பது நமது அனுபவம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் வாங்கிக்கொண்டு சொந்த உபயோகக் காரைக் கொடுப்பாருமுண்டு. அது இரவலன்று; வாடகை. தனியார் கார் பாலிஸியில் வாடகைக்கு விடுதல் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் சமயத்தில் இத்தகைய "இரவல்கள்" பெருகுவதை வாசகர்கள் அறிவார்கள்.

விலைக்கு வாங்கியும் இரவலாக ஓட்டுகிறவர்கள் மற்றொரு வகை. பணத்தைக் கொடுத்து, வண்டியைக் கொண்டுவந்து, புஸ்தகத்தில் பெயர் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சட்டத்தில் அது இன்னும் விற்றவருடைய வண்டியே. அன்னியருக்கான பாதுகாப்பு விற்பனையோடு தானாகவே மாறிவிடும் என்று சட்டம் கருதுகிறது. வண்டிச் சேதத்திற்கான பாதுகாப்பு அப்படி மாறாது என்று 1990-களிலேயே சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிஸியைத் தம் பேருக்கு மாற்றிக்கொள்வது வாங்கினவரின் கடமை. கைமாறிக் கைமாறிப் போன ஒரு காரின் விபத்துக்கு ரிஜிஸ்தரில் பெயருள்ள பழைய சொந்தக்காரரே பொறுப்பு என்று 2018-ல் தீர்ப்பாயிற்று. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்த கதையாக, பிறர் வண்டியின் பாலிஸியை நம்பி இருக்கவேண்டாம் என்பதே இப்போதைக்குத் தொண்டர்களுக்கு நாம் கூறக்கூடிய யோசனை. ஓட்டுகிறவர் தம் பேரில் தேக விபத்துப் பாலிஸி ஒன்று வைத்திருந்தால், வண்டி யாருடையது என்ற கேள்வியே எழாது. மத்திய சர்க்கார் 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும் பாங்கிக் கணக்கு மூலம் சேரலாம். விபத்து மரணத்திற்கு 2 லக்ஷம் ரூபாய். தொடக்கத்தில் வருஷத்துக்கு 12 ரூபாயாக இருந்த சந்தா 2022 ஜூன் முதல் 20 ரூபாயாயிற்று. 2 லக்ஷம் ஒரு குடும்பத்தைத் தாங்கிவிடாது. ஆயினும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். வசதியுள்ளவர்கள் கம்பெனிகளிடம் 15 லக்ஷத்துக்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். வண்டி கொடுப்பவரும், அடிக்கடி ஓட்டும் மகனுக்கோ நண்பருக்கோ பெயர் குறித்துத் தேக விபத்துப் பாதுகாப்பைப் பாலிஸியில் சேர்க்க இடமிருக்கிறது. ஏஜெண்டுகள் இதை எடுத்துச் சொல்வது அருமை. பாலிஸியைப் படித்துத் தெரிந்துகொள்ளலாமென்றாலோ, அது பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது; எழுத்தோ எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. முன்பாவது காகிதமாகக் கைக்கு வந்தது. இப்போது டெலிபோனுக்குள் வந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் விற்கும் பாலிஸியோடு முக்கிய ஷரத்துக்களைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டுமென்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனமாகாது.

ஆனால் தனி மனிதர்களின் ஜாக்கிரதையால் மட்டும் தீரக்கூடிய குறையன்று இது. ஒழுங்குமுறை அதிகார சபை மனம் வைத்தால் ஒரு வரியில் தீர்த்துவிடலாம். "சொந்தக்கார ஓட்டுநர்" என்று இப்போது உள்ள இடத்தில் "சொந்தக்காரரோ, அவருடைய சம்மதத்தின் பேரில் லைசென்ஸுடன் ஓட்டுகிறவரோ" என்று மாற்றினால் போதும்; ஸ்தாபனங்களின் வண்டிகளையும் அதே வரியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் வண்டியை ஓட்டமுடியும். எனவே கம்பெனி ஏற்கும் ஆபத்து இரட்டிப்பாகிவிடாது. ஓரளவு அதிகரிக்கும் என்றால் அந்த அளவுக்குப் பிரீமியத்தை உயர்த்திக்கொள்ளட்டும். சொந்தக்காரரின் ஸ்தானத்தில் வைத்து ஈட்டை மறுக்கும்போது, அந்த ஸ்தானத்துக்கு உரிய தொகையை மட்டும் கொடுக்காமலிருப்பது எந்த நியாயத்தில் சேரும்? 2020-ம் வருஷ வழக்கில் கோர்ட்டு 1 லக்ஷம் கொடுக்கச் சொன்னபோது இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. தொகை 15 லக்ஷமாகிவிட்ட பிறகு கம்பெனிகள் ஒவ்வொரு குடும்பத்தையும் ஷரத்தின் வார்த்தைகளைக் காட்டி மேல்கோர்ட்டு வரையில் இழுக்கத் தயங்கமாட்டா. ஒரு குடும்பம் வழக்காடிப் பெற்றதை எல்லாக் குடும்பங்களும் வழக்கின்றிப் பெறும்படி பாலிஸியின் எழுத்திலேயே வைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள், தேர்தலின்போது தங்களுக்காக எத்தனை பேர் எத்தனை இரவல் வண்டிகளை இரவெல்லாம் ஓட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்த்து, நிதி மந்திரியிடம் இதை எழுப்புவார்களாக.